அடிக்கடி வேலைக்கு வராத ஆட்கள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆள் வரவில்லை என்றால் பெரும்பாலான யூனிட்களில் நடப்பது ஒன்றுதான். சூப்பர்வைசர் கத்துவார், சம்பளத்தில் வெட்டு விழும், அடுத்த மாதமும் அதே ஆள் அதே மாதிரி வராமல் இருப்பார். மதுரையில் கப்பலூர், கே.புதூர் பக்கம் சின்ன அளவில் ரப்பர், பிளாஸ்டிக், என்ஜினீயரிங் யூனிட் நடத்துகிறவர்கள், விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர்கள், அந்த இடங்களில் உட்கார்ந்து ஆள் கணக்குப் பார்க்கும் என்னைப் போன்றவர்கள் எல்லோருக்கும் இது தினசரித் தலைவலி. சம்பள வெட்டு ஒரே ஒரு வகை லீவைத்தான் குறைக்கும். மற்றதற்கெல்லாம் அது பொருந்தாத மருந்து, சில இடங்களில் நோயே அதுதான். அதனால் ஆளைத் திட்டுவதற்கு முன்னால் லீவு எப்படி விழுகிறது என்று பாருங்கள். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், உங்கள் இடத்துக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மஸ்டர் ரோல்

கடைசி மூன்று மாத வருகைப் பதிவை எடுங்கள். பயோமெட்ரிக் இருந்தால் எக்செலில் இறக்கலாம், நோட்டுதான் என்றால் நோட்டே போதும். வராத ஒவ்வொரு நாளுக்கும் என்ன கிழமை, எந்த ஷிப்ட், முன்னாடியே சொன்னாரா, தொடர்ச்சியாக எத்தனை நாள், எந்த ஊர், யார் லைன் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். அரை நாள் வேலை அது. முடித்துவிட்டுத் திங்கட்கிழமைகளுக்கு மட்டும் பச்சைப் பேனாவில் வட்டம் போட்டுப் பாருங்கள், அப்புறம் அதே ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

அனுமதி வாங்கிப் போன லீவையும் சொல்லாமல் போனதையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். மாதம் இரண்டு நாள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவரால் உங்களுக்குப் பெரிய நஷ்டம் கிடையாது, அந்த இடத்துக்கு நேற்றே ஆள் போட்டிருப்பீர்கள். மாதம் ஒரே ஒரு நாள் போனை அணைத்துவிட்டுக் காணாமல் போகிறவர்தான் பிரஸ் மெஷினை நிறுத்துகிறவர்.

பிராட்ஃபோர்டு கணக்கு என்று ஒன்று உண்டு, இங்கிலாந்தில் இருந்து வந்தது. எத்தனை தடவை லீவு போட்டார் என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அதை மொத்த நாட்களால் பெருக்க வேண்டும். ஒரே மூச்சில் 10 நாள் காய்ச்சலில் கிடந்தவருக்கு 1×1×10, அதாவது 10. ஒவ்வொரு நாளாகப் பத்துத் தடவை வராதவருக்கு 10×10×10, அதாவது 1000. யாரிடம் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது நல்ல கணக்கு. ஆனால் இதை வைத்து யாருக்கும் மெமோ கொடுத்துவிடாதீர்கள், டயாலிசிஸுக்குப் போகிற ஆளுக்கும் எண் பெரிதாகத்தான் வரும்.

அறிகுறி: லீவு லெட்டரும் வருவதில்லை, ஆளும் வருவதில்லை

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பாருங்கள், ஏனென்றால் நான் பார்த்த இடங்களில் பாதிக்கு மேல் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. போன மூன்று மாதத்தில் எத்தனை பேர் எழுதிக் கேட்டார்கள், அதில் எத்தனை பேருக்குக் கிடைத்தது? லெட்டர் கட்டே மெலிசாக இருந்தால், கேட்டால் கிடைக்காது என்று ஆட்கள் முடிவு கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரு ஆபரேட்டரிடம் ஏன்ப்பா சொல்லாமல் போனாய் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "சார், கேட்டா மேஸ்திரி முடியாதுன்டுவாரு. முடியாதுன்ன பெறகு போனா அவரு பேச்ச மீறுன மாதிரி ஆயிரும். சொல்லாமப் போனா மறுநா ரெண்டு ஏச்சோட போயிரும்." அவர் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. கேட்கிறவனுக்குத் தண்டனை பெரிது, கேட்காதவனுக்குச் சின்னது என்று நீங்கள் வைத்திருந்தால் யார் கேட்பார்கள்?

சரிசெய்ய: ஒரு லைனில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் வரை லீவு உண்டு என்று எண்ணைப் போட்டுப் பலகையில் எழுதிவிடுங்கள், முதலில் கேட்டவருக்கு முதலில். பதிலை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பார்க்கலாம் என்ற பதில்தான் ஆளை வீட்டில் உட்கார வைப்பது. காலை 6 மணிக்கு வாட்ஸப்பில் ஒரு வரி போட்டாலும் அதைச் சொல்லிவிட்டுப் போன லீவாகவே எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு வேண்டியது தகவல்தான். அப்புறம் இ.எல்., அதாவது ஈட்டிய விடுப்பு. தொழிற்சாலையில் 20 நாள் வேலை பார்த்தால் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்தே இருக்கிறது. அதற்குத் தகுதி வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது, புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 180 நாளாக இறங்கியிருக்கிறது. தனக்கு இ.எல். எத்தனை நாள் பாக்கி என்று தெரியாத ஆட்கள் நிறைய. சம்பளச் சீட்டில் அந்த எண்ணை அச்சடியுங்கள். சேர்த்துவைத்தது கண்ணுக்குத் தெரிந்தால் கேட்டு வாங்கிப் போவார்கள்.

அறிகுறி: திங்கட்கிழமை பாதி லைன் காலி

உடனே எல்லோரும் தண்ணி என்பார்கள். இருக்கலாம், ஆனால் அது மட்டும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வாரக்கூலியைக் கையில் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பணம் டாஸ்மாக்குக்கும் போகும், கறிக்கடைக்கும் போகும், மாமனார் ஊருக்கும் போகும். எழுமலை, பேரையூர் பக்கத்து ஆள் மதுரையில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார், வாரத்துக்கு ஒரு நாள்தான் பிள்ளை முகத்தைப் பார்க்கிறார் என்றால் ஞாயிறு ராத்திரியே கிளம்பச் சொல்வது நடக்காத காரியம். திங்கள் காலை பஸ்ஸைப் பிடித்து 8 மணி ஷிப்டுக்கு அவரால் வர முடியாது.

ஆகவே முதலில் பிரித்துப் பாருங்கள். திங்கள் வராதவர்களில் வெளியூர்க்காரர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குத் திங்கள் மட்டும் இரண்டாவது ஷிப்ட் போட்டுக் கொடுங்கள். மீதிப் பேருக்குச் சம்பள நாளைச் செவ்வாய்க்கோ புதனுக்கோ மாற்றிப் பாருங்கள். பணம் அதேதான், ஆனால் மறுநாள் வேலை இருக்கும்போது கையில் வருகிற பணம் நேராக வீட்டுக்குப் போக வாய்ப்பு அதிகம். மாற்றுகிற வாரம் கூச்சல் வரும், மளிகைக்கடைக் கணக்கும் தவணையும் சனிக்கிழமைக்குச் சொல்லிவைத்திருப்பார்கள். அந்த வாரம் மட்டும் பாதியைச் சனிக்கிழமை கொடுத்து மீதியைப் புதன்கிழமை கொடுத்தால் தாண்டிவிடலாம்.

இதற்கு அப்புறமும் வராத சில பேர் இருப்பார்கள், அங்கேதான் குடிப் பிரச்சினை. அடையாளம் திங்கட்கிழமை மட்டும் இல்லை. வந்த நாளிலும் காலையில் கை நடுங்கும், மதியம் கடை திறக்கும் நேரம் பார்த்துப் பர்மிஷன் கேட்பார். அப்படி ஒருவரைப் பிரஸ்ஸிலோ கட்டிங் மெஷினிலோ நிறுத்தாதீர்கள், லீவு எண்ணிக்கையைவிட விரல் முக்கியம். தனியாகக் கூப்பிட்டு, மஸ்டர் ரோலை முன்னால் வைத்து, குடியைப் பற்றி எதுவும் சொல்லாமல் இந்த நாட்களை மட்டும் காட்டுங்கள். பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார். வீட்டம்மாவைக் கேட்டுக்கு வரவழைத்து எல்லோர் முன்னாலும் பஞ்சாயத்து வைப்பது மட்டும் வேண்டாம், அதற்குப் பிறகு அந்த மனிதர் வேலையை விட்டுத்தான் போவார். இன்னொன்று, நிறையக் குடிக்கிறவர் நாளையிலிருந்து நிறுத்திவிடுகிறேன் என்று சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பலாம், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். சிகிச்சை நாட்களை லீவாக எழுதிக் கொடுங்கள்.

ஐயப்பனுக்கு மாலை போட்ட ஆட்களின் திங்கட்கிழமை வருகையைக் கார்த்திகையிலும் மார்கழியிலும் எடுத்துப் பாருங்கள், எவ்வளவு மாறுகிறது என்று தெரியும்.

அறிகுறி: சம்பள நாளன்று ஆளைக் காணோம்

சம்பளம் வாங்க எவனாவது வராமல் இருப்பானா என்று தோன்றும். கடன் இருந்தால் வரமாட்டார். சம்பள நாள் சாயங்காலம் உங்கள் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையைப் பாருங்கள். வண்டியைச் சைடு ஸ்டாண்டில் போட்டுக்கொண்டு, டீயைக் குடித்து முடித்த பிறகும் எழுந்திருக்காமல், சின்ன நோட்டு ஒன்றைத் தொடையில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் இருந்தால், உங்கள் ஆள் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டியதில்லை.

பெண்கள் விஷயத்தில் இது வேறு மாதிரி வரும். ஒரே கிழமை, காலையில் மட்டும், பெரும்பாலும் அரை நாள். குழுக் கடன் தவணைக் கூட்டமாக இருக்கும். காலை ஒன்பது மணிக்கோ பத்து மணிக்கோ தெருவில் ஒரு வீட்டில் கூடுவார்கள், ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவர்கள் அவள் பங்கையும் சேர்த்துக் கட்ட வேண்டும், அதனால் உங்கள் மெமோவைவிடப் பக்கத்து வீட்டு அக்காவின் கோபம் பெரிது. அந்தக் கிழமையைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு இரண்டு மணி நேரப் பர்மிஷன் கொடுத்துவிடுங்கள். அரை நாள் போவதற்குப் பதில் இரண்டு மணி நேரம்தான் போகும்.

ஆண்களுக்கு, சம்பளத்தைக் கையில் கொடுக்காமல் வங்கியில் போடுவது கொஞ்சம் உதவும். மாத நடுவில் சம்பாதித்த அளவுக்குள் ஒரு சின்ன அட்வான்ஸ் கொடுக்கும் வழக்கம் இருந்தால் நூற்றுக்குப் பத்து வட்டிக்காரனிடம் போகிற தேவை குறையும். கம்பெனி யாருக்கும் ஜாமீன் நிற்க வேண்டாம். மிரட்டல் வரை போயிருந்தால் கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதலே தனிச் சட்டம் இருக்கிறது, போலீசில் கொடுக்கலாம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். துணைக்கு ஆபீஸில் இருந்து ஒருவரை அனுப்பினால் அவர் தைரியமாகப் போவார்.

அறிகுறி: பத்து நிமிஷம் லேட் ஆனால் அன்றைக்கு முழுக்க வருவதில்லை

இது நீங்களே வரவழைத்தது. 8.10-க்குக் கேட்டைச் சாத்துகிறீர்கள். திருமங்கலத்தில் இருந்து வரும் பஸ் நின்று நின்று வந்து 8.15-க்கு இறக்கிவிடுகிறது. ஏழே முக்கால் மணி நேரம் வேலை பார்க்கத் தயாராக நிற்கிற ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஆள் பற்றாக்குறை என்று மாத ரிப்போர்ட்டில் எழுதுகிறீர்கள். கொஞ்ச நாளில் அவர் லேட் ஆகும் என்று தெரிந்ததுமே பாதி வழியில் இறங்கி வீட்டுக்குத் திரும்பக் கற்றுக்கொள்வார்.

கேட்டைத் திறந்துவையுங்கள். எவ்வளவு லேட்டோ அவ்வளவுக்கு மட்டும் பிடியுங்கள், தொடர்ந்து லேட் என்றால் பஸ் நேரத்தைப் பார்த்து ஷிப்டைக் கால் மணி தள்ளிவையுங்கள்.

அறிகுறி: ஒரு நாள் போட்டால் மாதக் கடைசி வரை வரிசையாகப் போடுகிறார்

அட்டெண்டன்ஸ் போனஸ் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மாதம் முழுக்க வந்தால் 1,000 ரூபாய், ஒரு நாள் தவறினால் ஒன்றும் இல்லை என்று வைத்திருப்பீர்கள். ஐந்தாம் தேதி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் போய்விட்டால் அந்த 1,000 அப்போதே போயிற்று. மீதி இருபது நாளுக்கு அவரைப் பிடித்துவைக்க உங்களிடம் எதுவும் இல்லை. வாரத்துக்கு இவ்வளவு என்று உடைத்துக் கொடுங்கள், நாலு வாரமும் முழுசாக வந்தால் மேலே கொஞ்சம். செலவு பெரிதாக ஏறாது.

அறிகுறி: சில மாதங்களில் மட்டும் ஆளே கிடைப்பதில்லை

மதுரையில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர் தினசரிக் காலண்டரைப் பின்பக்கமும் சேர்த்துப் படிக்க வேண்டும். தையில் இருந்து ஆரம்பியுங்கள். தை 1 அவனியாபுரம், 2 பாலமேடு, 3 அலங்காநல்லூர். பார்க்கப் போகிறவர் அந்த ஒரு நாள்தான் வரமாட்டார், மாடு வளர்க்கிறவர் அதற்கு முன்னால் பல நாளும் வரமாட்டார், வந்தாலும் மனசு மாட்டிடம்தான் இருக்கும். மாசியில் சிவராத்திரியை ஒட்டி உசிலம்பட்டி வட்டாரத்து ஆட்கள் குலதெய்வம் கும்பிடக் குடும்பத்தோடு கிளம்புவார்கள். பங்குனியில் இருந்து வைகாசி வரை ஊர் ஊராகப் பொங்கல். நடுவில் சித்திரைத் திருவிழா. அதற்குள் வைகாசி முகூர்த்தம், அப்புறம் ஆனி, ஆவணி. காதுகுத்து, கிடா வெட்டு என்று பத்திரிகை வந்துகொண்டே இருக்கும்.

இதில் ஓனர்களுக்குப் புரியாதது மொய். நம் வீட்டு விசேஷத்தில் ஒருவர் எழுதிய மொய் நோட்டில் இருக்கிறது, அவர் வீட்டில் விசேஷம் என்றால் போய்த் திருப்பிச் செய்தே ஆக வேண்டும், அது பாசம் மட்டும் இல்லை, கணக்கு. தாய்மாமன் என்றால் சீர் தூக்கிக்கொண்டு முந்தின நாளே போக வேண்டும். அவருக்கு ஒரு நாள் லீவு என்று கையெழுத்துப் போடும்போதே மூன்றாவது நாள்தான் வருவார் என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பேசாமல் மூன்று நாள் என்றே எழுதி வாங்குங்கள், அந்த மூன்று நாளுக்கும் வேறு ஆள் போடலாம்.

ஊர்த் திருவிழாவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. தேதி வருஷத்துக்கு முன்னாடியே தெரியாது, ஊர் கூடிச் சாமி சாட்டினால், அதாவது திருவிழாவை அறிவித்தால்தான் தெரியும். அதனால் டிசம்பரிலேயே தேதி கொடு என்று கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. சாமி சாட்டியதும் வந்து சொல், உனக்கு லீவு உறுதி என்று சொல்லிவையுங்கள். காப்புக் கட்டிக்கொண்டவர் ஊர் எல்லையைத் தாண்டி ராத்திரி தங்கமாட்டார். நைட் ஷிப்டில் அவர் பெயர் இருந்தால் அந்த வாரம் முழுக்க வரமாட்டார், பகல் ஷிப்டுக்கு மாற்றினால் பல பேர் வந்துவிட்டுப் பொழுது சாயும் முன் ஊர் திரும்புவார்கள். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் ஆகும். "ஏன்ண்ணே, காப்புக் கட்டியிருக்கீங்களா?" அவ்வளவுதான்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்குத் தனியாக ஒன்று. மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டாலும் அது அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும்தான். ஆனால் தமிழ்நாட்டின் 1958 தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி போக இன்னும் ஐந்து நாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும், அந்த ஐந்து எது என்பது ஆட்களிடமும் கலந்து முடிவு செய்வது. பொங்கல், மாட்டுப் பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி என்று நாலு போய்விடும். ஐந்தாவதை ஆங்கிலப் புத்தாண்டுக்கு வைத்துவிட்டு, அழகர் இறங்கும் சித்திரா பௌர்ணமி அன்று யாரும் வரவில்லை என்று புலம்புகிற யூனிட்கள் இருக்கின்றன. வரப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த நாளை விடுமுறையாக்கிவிடுவது புத்திசாலித்தனம். முந்தின நாள், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்றே தல்லாகுளம் பக்கம் ரோட்டைக் கடக்க முடியாது, வர நினைத்தவரும் வர முடியாது.

பெரிய ஆர்டரை ஆடிக்கும் மார்கழிக்கும் தள்ள முடியுமா என்று பாருங்கள், அந்த இரண்டு மாதமும் முகூர்த்தம் இல்லை. வேறு வாரத்து ஞாயிறை வேலை நாளாக்கி ஈடுகட்டுவதும் உண்டு, ஆனால் ஓய்வே இல்லாமல் தொடர்ந்து 10 நாளுக்கு மேல் யாரையும் வேலை வாங்கக் கூடாது.

விவசாய வேலையும் இதே கணக்குத்தான். மேலூர், வாடிப்பட்டி பக்கத்து ஆட்கள் வாய்க்காலில் தண்ணீர் திறந்து நடவு ஆரம்பித்தால் சொந்த வயலை விட்டுவிட்டு வரமாட்டார்கள். மல்லிகை வேறு மாதிரி. விடியும் முன்னே போய் மொட்டுப் பறிக்க வேண்டும், முகூர்த்த நாளுக்கு முந்தின தினம் பூ விலை ஏறினால் வீட்டில் எல்லாக் கையும் தோட்டத்துக்குப் போகும். அந்தப் பெண்களை 8 மணிக்கு வா என்றால் வரமாட்டார்கள், 9.30-க்கு வா என்றால் வந்துவிடுவார்கள். கோடையில்தான் பூ அதிகம், அந்த மாதங்களுக்கு மட்டும் ஒரு லேட் ஷிப்ட் வைத்துப் பாருங்கள்.

வட மாநிலத்து ஆட்களுக்குத் தீபாவளியை ஒட்டி வரும் சத் பூஜையும் ஹோலியும்தான் ஊருக்குப் போகும் நேரம். ரயில் டிக்கெட் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள்தான். அந்த 60 நாளுக்கு முன்பே யார் எந்தத் தேதி என்று பிரித்துக் கொடுத்துவிட்டால், பாதிப் பேர் திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுப்பார்கள்.

அறிகுறி: ஒரே ஊர்க்காரர்கள் ஒரே நாளில் வரவில்லை

ஒன்று பஸ், இல்லை கேதம், அதாவது சாவு. பஸ் வராமல் போனதா, ஷேர் ஆட்டோக்காரர் லீவா என்று போன் போட்டால் தெரிந்துவிடும். அடிக்கடி அதுவே காரணம் என்றால் வேன் செலவையும் நின்றுபோன உற்பத்தியையும் ஒரே காகிதத்தில் எழுதிப் பாருங்கள். கேதம் என்றால் பங்காளி எல்லோரும் போவார்கள், பதினாறாம் நாளும் போவார்கள், இதில் அதட்டுவதற்கு ஒன்றும் இல்லை. போன வருஷமும் அப்பத்தாதானே இறந்தார்கள் என்று கிண்டல் பண்ணாதீர்கள், அப்பாவின் சித்தியும் அப்பத்தாதான்.

அறிகுறி: எப்போது கேட்டாலும் உடம்பு சரியில்லை

ஒரு நாள், இரண்டு நாள் என்று உதிரியாக விழுந்தால் இ.எஸ்.ஐ. (அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) சான்றிதழ் கேட்டுப் பிரயோஜனம் குறைவு. இ.எஸ்.ஐ. நோய்க்காலப் பலனில் முதல் இரண்டு நாள் காத்திருப்பு, அதற்குப் பணம் கிடையாது, அதற்காக டிஸ்பென்சரியில் போய் வரிசையில் நிற்க யாருக்கும் மனசு வராது. உங்கள் பக்கம் சம்பளத்தோடு சில நாள் நோய் லீவு இருந்தால் அந்த உதிரி நாட்கள் குறைந்தபட்சம் சொல்லிவிட்டு எடுக்கப்படும்.

நீளமாக இழுத்தால் இ.எஸ்.ஐ.தான் வழி. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது உண்டு, நோய்க்காலத்தில் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. காசநோய் மாதிரியான நீண்ட நோய்களுக்கு 80 சதவீதமாகி இரண்டு வருஷம் வரைகூடப் போகும். இது தெரியாமல் இருமிக்கொண்டே நாலு நாள் வந்து நாலு நாள் வராமல் இருக்கிற ஆட்கள் உண்டு. அவர்களை வேலைக்கு விரட்டாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், மற்றவர்களுக்கும் நல்லது. இ.எஸ்.ஐ. நோய்ப் பலன் வாங்கிக்கொண்டிருக்கிற ஆளை அந்தக் காலத்தில் நீக்கவோ தண்டிக்கவோ கூடாது, பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு அதைத்தான் சொன்னது.

பெண் தொழிலாளர்கள் மாதத்தில் இரண்டு நாள், ஏறக்குறைய அதே இடைவெளியில் வரவில்லை என்றால் அவர்களிடம் எதுவும் கேட்காதீர்கள். நேராகப் போய் உங்கள் பெண்கள் கழிப்பறையைப் பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, மூடியோடு குப்பைத் தொட்டி இருக்கிறதா. ஜவுளிக்கடையில் கால் வீக்கம், இடுப்பு வலி என்று லீவு விழுந்தால் உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியாயிற்று.

அறிகுறி: ஒருத்தர் லைனில் மட்டும் இரண்டு மடங்கு லீவு

மேஸ்திரி. வேறு விளக்கம் தேடாதீர்கள். அந்த லைனில் அடிக்கடி லீவு போடும் ஒருவரை ஒரு மாதம் வேறு லைனுக்கு மாற்றுங்கள், அங்கே ஒழுங்காக வந்தால் கேள்வி முடிந்தது. மேஸ்திரி கெட்டவராக இருக்க வேண்டும் என்று இல்லை. கஷ்டமான மெஷினில் எப்போதும் அதே பையனை நிறுத்துவது, ஓ.டி.யைச் சொந்தக்காரனுக்கே கொடுப்பது, வயசில் மூத்தவரை வாடா போடா என்பது, இவ்வளவு போதும். ஓனர்கள் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார்கள், ஏனென்றால் அந்த மேஸ்திரிதான் எண்ணிக்கை காட்டுகிறவர்.

எதற்கும் அசையாத ஆள்

எல்லாம் பார்த்தாயிற்று, காரணம் எதுவும் இல்லை, வேறு இடத்தில் கூலிக்குப் போய்விட்டு உங்களுக்கு அப்சென்ட் கொடுக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு எத்தனை பேர் இப்படி என்று உங்கள் மஸ்டர் ரோலே சொல்லும், நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இவரிடம்தான் கண்டிப்பு, அதுவும் எழுத்தில்.

வராத நாளுக்கு அந்த நாள் சம்பளம் மட்டும்தான் பிடிக்கலாம். ஒரு நாளுக்கு இரண்டு நாள் வெட்டு என்பது நம் பக்கம் சகஜம், ஆனால் சட்டத்தில் இடம் இல்லை. அபராதம் என்றால் அதற்கும் வரம்பு, அந்தச் சம்பளத்தில் 3 சதவீதம், அதுவும் விளக்கம் கேட்ட பிறகு. நாளையிலிருந்து வராதே என்று வாயால் சொல்லி அனுப்புவது எல்லாவற்றையும்விட மோசம். எட்டு நாளோ பத்து நாளோ வராவிட்டால் தானாகவே வேலை போயிற்று என்று நிலையாணையில் (கம்பெனியின் வேலை விதிகளில்) எழுதியிருந்தாலும் விசாரணை இல்லாமல் நீக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1993-ல் டி.கே.யாதவ் வழக்கில் சொல்லிவிட்டது. 2012-ல் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், வேண்டுமென்றே வராமல் இருந்தார் என்று காட்டினால்தான் அது ஒழுங்கீனம் என்றது. நான்கு புதிய தொழிலாளர் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருப்பதால் பிரிவு எண்களை உங்கள் ஆலோசகரிடம் கேட்டு எழுதுங்கள்.

வரிசை இப்படி. முதலில் பேச்சு, தேதி போட்டு ஒரு நோட்டில் குறிப்பு. அடுத்து மெமோ, தமிழில், அவர் வராத தேதிகளை ஒவ்வொன்றாக எழுதி. அடிக்கடி வருவதில்லை என்ற மொட்டை வாக்கியம் லேபர் கோர்ட்டில் நிற்காது. ஆள் வராமலே இருந்தால் வீட்டு முகவரிக்கு ஒப்புகை அட்டையோடு ஸ்பீட் போஸ்ட், குறிப்பிட்ட தேதிக்குள் வேலைக்கு வரவும் அல்லது காரணம் சொல்லவும் என்று. திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே ஃபைலில் வையுங்கள். பதில் இல்லை என்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதன் பிறகு விசாரணை. விசாரணை அதிகாரியாக அந்த மேஸ்திரியையே போடாதீர்கள். குற்றம் சாட்டப்பட்ட ஆள் கேள்வி கேட்கவும் சாட்சி கொண்டுவரவும் வாய்ப்புக் கொடுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள்.

விசாரணை நடுவிலேயே ஒருநாள் காலையில் ஆள் டிபன் பாக்ஸோடு கேட்டில் வந்து நிற்பார். வாட்ச்மேனிடம் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள், அனுப்பினால் நீங்கள்தான் வேலை மறுத்ததாக ஆகிவிடும். உள்ளே விடுங்கள், இத்தனை தேதியில் இருந்து இத்தனை தேதி வரை வரவில்லை, இன்று வேலைக்குத் திரும்பியிருக்கிறேன் என்று அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள், எழுதத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டி ரேகை வைக்கச் சொல்லி இரண்டு சாட்சி போடுங்கள். மெஷினில் நிறுத்துங்கள். விசாரணை அதன் பாட்டுக்கு அதன் தேதியில் நடக்கட்டும்.